பேராசிரியருக்கு மண் போட்ட நாள்

பிள்ளைகள், இதை உங்களுக்கு நான் ஒருநாளும் சொன்னதில்லை. அம்மாவும் சொல்லியிருக்க மாட்டா. நான் பத்தாம் வகுப்போடு நின்றவன். எழுத்தில் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

கனடாவில் மொன்றியலுக்கு அகதியாக வந்த புதிதில், கோட்-டெ-நெய்ஜ் என்கிற பகுதியில் ஒரு ஆய்வுகூடத்தில் கண்ணாடிச் சாமான் கழுவுகிற வேலை எனக்கு. கூடத்துக்குப் பொறுப்பானவர் ஒரு யூதப் பேராசிரியர். இரசாயனம். என்ன ஆராய்ச்சி செய்தார் என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது. அவர் விளங்கப்படுத்தியிருக்கிறார், நான் தலையாட்டியிருக்கிறேன். நான் கண்டது அவருடைய மற்றப் பக்கத்தை. மத்தியானம் ஆனால் வீட்டுக்குப் போன் எடுத்து மனைவியிடம், "என்ன சாப்பிட்டாய்?" என்று கேட்பார். அவ சொல்லுவா. தான் சாப்பிட்டதை இவர் சொல்லுவார். போனை வைத்துவிட்டு வேலைக்குத் திரும்புவார். வெள்ளிக்கிழமை பொழுது பட்டால் அவர்களுக்கு ஓய்வுநாள் தொடங்கிவிடும், அதற்குமுன் வீட்டில் நிற்க வேண்டும். பனிக்காலத்தில் வெயில் இருக்கும்போதே கோட்டை மாட்டிவிடுவார்.

ஒருமுறை அவருடைய சின்ன மகளுக்குக் கடும் காய்ச்சல். கிழமைக் கணக்காக ஓடிக்கொண்டிருந்த பரிசோதனை ஒன்று, பக்கத்தில் நின்று பார்க்க வேண்டிய கட்டம். "நாங்கள் பார்க்கிறோம்" என்று மாணவர்கள் சொன்னார்கள். "நீங்கள் பார்த்தால் என் நினைவு இங்கே நிற்கும். அது பிள்ளைக்குத் தெரிந்துவிடும்" என்றார். பிறகு என்னைக் கூப்பிட்டு, எல்லாவற்றையும் தொட்டியில் ஊற்றிவிடச் சொல்லிவிட்டு வீட்டுக்குப் போனார். நான் ஊற்றினேன். மாணவர்கள் முணுமுணுத்தார்கள்.

அவருக்கு இனசனம் இல்லை. ஐரோப்பாவில் யுத்தம் நடந்தபோது தாய் தகப்பன், சகோதரங்கள் எல்லாரையும் கொன்றுவிட்டார்கள். சின்னப் பிள்ளையாக, தனியே கப்பலில் வந்தவர். அதை எனக்குச் சொன்னது ஒரே ஒரு நாள். எங்கள் முதல் பிள்ளையைப் பற்றி நான் சொன்ன அன்றைக்கு. அவன் உங்களுக்கு மூத்தவன். மட்டக்களப்பில் சண்டைக்குப் பயந்து ஊரைவிட்டு ஓடிக் காட்டுக்குள் கிடந்தபோது பிறந்தான். மருந்து இல்லாமல் அந்தக் கிழமையே போய்விட்டான். பேராசிரியர் எனக்கு ஆறுதல் ஒன்றும் சொல்லவில்லை. தன் கதையைச் சொல்லிவிட்டு, கழுவின குடுவைகளை என்னோடு நின்று அடுக்கினார்.

மார்ச் மாதத்தில் அவர் மாரடைப்பில் இறந்துபோனார். அன்று பின்னேரமே அவருடைய மனைவி எங்கள் வீட்டுக்குப் போன் எடுத்தா.

"நாளைக்கு அடக்கம். எங்கள் வழக்கத்தில் தெரிந்தவர்கள்தான் தங்கள் கையால் குழியை மூட வேண்டும். அவருக்கு ஆட்கள் இல்லை. நீ வருவாயா?"

வருகிறேன் என்று சொன்னேன்.

பெரியவளே, அப்போது நீ அம்மாவின் வயிற்றில். ஏழாம் மாதம். எங்கள் ஊரில் கர்ப்பிணியின் புருஷன் பாடை தூக்க மாட்டான், சவக்காலைப் பக்கம் போக மாட்டான், மண் போடவே மாட்டான். போட்டால் வயிற்றுப் பிள்ளைக்கு ஆகாது.

"இஞ்ச பாருங்க, நீங்க போறதில்ல" என்றா அம்மா.

"வாறன் எண்டு சொல்லிப்போட்டன்."

"சொன்னா என்ன? அவங்களுக்கு எங்கட வழக்கம் தெரியாது. உங்களுக்குத் தெரியுந்தானே? ஒண்டை மண்ணுக்குக் குடுத்திட்டம். காணாதா?"

"அவன் வயித்தில இருக்கக்குள்ள நான் ஒரு செத்தவீட்டுக்கும் போகல்லயே."

அம்மா கழுவின அரிசியைத் திரும்பவும் கழுவினா.

விடிந்ததும், மேல்மாடியில் இருந்த மன்னார் அண்ணன் என்னைக் கூட்டிப்போகக் கார்த் திறப்போடு வந்தார். பேராசிரியரை அவருக்கும் கொஞ்சம் தெரியும். "பூவும் இல்லையாம், பாண்ட் வாத்தியமும் இல்லையாம். என்ன தம்பி செத்தவீடு இது? எங்கட மன்னாரில கடன்காரனுக்கும் பாண்ட் பிடிப்பம்" என்றார். நான் சப்பாத்தைப் போட்டேன். அம்மா குசினியில் நின்றபடி, "போய் நில்லுங்க. மண்ணைத் தொடாதீங்க" என்றா.

சவக்காலையில் பனி உருகாமல் கிடந்தது. பெட்டி வெறும் பலகை. இறக்கினார்கள். அவர்களுடைய வழக்கத்தில் மண் அள்ளுகிற சவளைக் கைக்குக் கை கொடுப்பதில்லை. ஒருவர் போட்டு முடிந்ததும் மண் குவியலில் குத்திவிட்டுப் போவார், அடுத்தவர் தானாக வந்து எடுப்பார். மாணவர்கள் ஆளுக்குக் கொஞ்சம் போட்டுவிட்டு விலகினார்கள். மண் உறைந்து கட்டிகட்டியாக இருந்தது. விழும்போது பலகையில் சத்தம் கேட்டது.

மன்னார் அண்ணன் போட்டுவிட்டுச் சிலுவை அடையாளம் போடக் கையைத் தூக்கினார். சுற்றிப் பார்த்துவிட்டு, அந்தக் கையால் தொப்பியைச் சரிசெய்தார்.

"நீ நில்லு தம்பி. உன்ர பங்கையும் நான் போடுறன்" என்றார். அவருக்கு இழுப்பு வருத்தம். கொஞ்ச நேரத்தில் மூச்சு வாங்க ஒதுங்கிக்கொண்டார்.

பிறகு அந்த மனைவியும் இரண்டு மகள்மாரும்தான். குழி பாதிகூட நிரம்பவில்லை. சின்ன மகள் கட்டியைத் தூக்க முடியாமல் காலால் தள்ளினாள். தூரத்தில் சவக்காலை வேலையாட்கள் இயந்திரத்தை இயக்கிவிட்டுக் காத்துக்கொண்டு நின்றார்கள். இவர்கள் விட்டால் அவர்கள் மூடிவிடுவார்கள். மனைவி என்னை ஒருதரம் பார்த்தா. கேட்கவில்லை. கடைசியில் அவவும் சவளைக் குவியலில் குத்திவிட்டுப் பின்னால் போனா. அது அப்படியே நின்றது. ஒருவரும் வரவில்லை.

நான் போய் எடுத்தேன்.

அழுகை வரவில்லை. உன்னை நினைத்துப் பயமும் வரவில்லை. வரும் என்று பார்த்துக்கொண்டுதான் போட்டேன். கை குளிரில் விறைத்திருந்தது, உள்ளேயும் அப்படித்தான். குழி நிரம்பி மேடு வரும்வரை போட்டேன். எப்போது இயந்திரத்தை நிற்பாட்டினார்களோ தெரியாது.

வீட்டுக் கதவைத் திறந்த அம்மா என் சப்பாத்தைப் பார்த்தா. "உடுப்போட பாத்ரூமுக்குப் போங்க" என்றா. தலைமுழுகி வந்தபோது சோறு போட்டு வைத்திருந்தா.

"மூடி முடிஞ்சுதா?"

"ஓம்."

அவ்வளவுதான். அதற்குப் பிறகு அதைப் பற்றி நாங்கள் கதைக்கவில்லை. வேலையால் வந்தால் நான் அம்மாவின் முகத்தைப் பார்ப்பேன். "பிள்ளை துடிக்குது" என்பா. பிறகுதான் சாப்பாடு. சில நாள் சொல்லப் பிந்தும். இருவரும் ரீவியைப் பார்த்துக்கொண்டு இருப்போம்.

மே மாதம் நீ பிறந்தாய். அழுதாய், பால் குடித்தாய். தாதி உன்னைத் துணியில் சுற்றி என்னிடம் நீட்டினாள். மண் போட்ட கையை நான் நீட்டவில்லை. கட்டிலில் கிடந்த அம்மா என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தா. பிறகு சொன்னா:

"பிடிங்களன். பிள்ளைக்குக் குளிருது."