என் டி.வி.யை அவர் துறந்த தவக்காலம்

போன தவக்காலத்தில் என் கணவர் ஒரு பெரிய தியாகம் செய்தார். என்னுடைய டி.வி.யைத் துறந்தார்.

இதைச் சொன்னால் எல்லோரும் சிரிக்கிறார்கள். நான் சிரிப்பு மூட்டுவதற்காகச் சொல்லவில்லை. எனக்கு இன்னும் ஆறவில்லை, அதனால் எழுதுகிறேன்.

எங்கள் ஊர் ஆவூர். பெரிய மாதா கோவில் உள்ள ஊர். தவக்காலம் வந்துவிட்டால் ஈஸ்டர் வரைக்கும் நாற்பது நாள் கல்யாணம் கிடையாது, மேளம் கிடையாது, பல வீடுகளில் கறி மீன் கிடையாது. அது போக, ஆளாளுக்குப் பிடித்தமான ஒன்றை விட்டுவிட வேண்டும். அதற்கு ஒறுத்தல் என்று பெயர். தவக்காலம் தொடங்கும் சாம்பல் புதனுக்கு முந்தின நாள் சாயங்காலம் செபம் முடிந்ததும் எங்கள் வீட்டில் துண்டுச் சீட்டு எடுப்போம். யார் எதை விடுகிறோம் என்று எழுதி, மறுநாள் பூசையில் பீடத்துக்கு முன்னால் வைத்திருக்கும் கூடையில் போட வேண்டும். ஈஸ்டருக்கு மூட்டும் தீயில் அந்தச் சீட்டுகள் எல்லாம் எரிந்துபோகும். நமக்கும் கடவுளுக்கும் மட்டும் தெரிந்தால் போதும் என்பதுதான் முறை. எங்கள் வீட்டில் மட்டும் சத்தமாகப் படித்துவிட்டுத்தான் மடிப்போம். மாமனார் உயிரோடு இருந்தபோது போட்ட சட்டம் அது. ஒருத்தர் ஏமாற்றினால் மற்றவர் பிடிக்க வேண்டுமாம்.

வீட்டில் நாங்கள் நான்கு பேர். கணவருக்குத் திருச்சியில் ஒரு கம்பெனியில் சூப்பர்வைசர் வேலை, தினமும் கீரனூர் வழியாக பஸ். நான் கீரனூர்ப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் டீச்சர். மகள் பத்தாவது படிக்கிறாள். மாமியார் கோவிலுக்கும் சீரியலுக்கும் நேரத்தைச் சரிபாதியாகப் பிரித்துக் கொடுத்திருப்பவர்.

எனக்கு ஐஸ் ஸ்கேட்டிங். பனித்தளத்தில் காலில் கத்தி கட்டிக்கொண்டு ஆடுவார்களே, அது. ஐந்தாறு வருஷத்துக்கு முன்னால் மகள் ஏதோ கொரிய சீரியல் தேடிச் சேனல் மாற்றிக்கொண்டே போனபோது நடுவில் ஒரு பெண் பின்பக்கமாகவே வழுக்கிக்கொண்டு போனாள். "இரு, மாத்தாத" என்றேன். அன்றைக்குப் பிடித்தது. எனக்கு விதிமுறை எதுவும் ஒழுங்காகத் தெரியாது. காற்றில் மூன்று சுற்றா நான்கு சுற்றா என்று நான் எண்ணி முடிப்பதற்குள் இறங்கிவிடுகிறார்கள். ஆனால் யார் எந்த சினிமாப் பாட்டுக்கு ஆடினார்கள், யாருக்கு உடை எடுப்பாக இல்லை, எந்த ஜோடி இப்போது பேசிக்கொள்வதில்லை என்பதெல்லாம் எனக்குத் தெரியும். பனிமலையிலிருந்து குதிப்பது, சறுக்குக் கட்டையில் பாய்வது என்று மற்றதையும் விடமாட்டேன். ஒரு விளையாட்டில் கல்லைத் தள்ளிவிட்டு அதற்கு முன்னால் இரண்டு பேர் தரையைப் பெருக்கிக்கொண்டே ஓடுவார்கள். அதைப் பார்த்துவிட்டு மாமியார், "இதுக்கு மெடலு குடுக்குறாகளா? நா அம்பது வருசமாப் பெருக்குறேன், ஒருத்தனும் ஒரு கயித்தக்கூடக் கழுத்துல போடல" என்றார்.

மாமியாராவது நியாயமாகப் பேசினார். பள்ளிக்கூடத்தில் என்னைக் கேலி செய்யாத ஆளில்லை. "டீச்சர், நம்ம ஊருல ஃப்ரிட்ஜத் தொறந்தாத்தான் பனி. நீங்க எதுக்கு இந்த வெயில்ல அதப் போயி பாக்குறீங்க?" என்பார்கள். கால்பந்து உலகக் கோப்பைக்கு எங்கோ இருக்கிற நாட்டின் சட்டையைப் போட்டுக்கொண்டு பட்டாசு வெடித்த ஆண்கள் கேட்கிற கேள்வி இது. நானும் விடவில்லை. "பெத்லகேம் எங்க இருக்குன்னு பாத்துட்டா ஆவூர்ல கிறிஸ்துமஸ் குடில் கட்டுறோம்?" என்றேன். ஆனாலும் மறுநாள் மறுபடியும் அதே கேலிதான்.

போன வருஷம் எனக்கு ஒரு காரணம் இருந்தது. எனக்குப் பிடித்த ஆட்டக்காரி ஒருத்தி உண்டு. முப்பது வயதைத் தாண்டியவள். அந்த விளையாட்டில் முப்பது என்றால் கிழவி. பதினைந்து வயதுப் பிள்ளைகள் நான்கு சுற்றுச் சுற்றும் இடத்தில் இவள் முழங்காலில் பட்டை சுற்றிக்கொண்டு ஆடுவாள். அவளுடைய கைகளுக்காகத்தான் நான் பார்ப்பேன். குதித்து இறங்கிய பிறகு அவசரமே இல்லாமல் கையை விரிப்பாள், எனக்கு அன்றைய அலுப்பெல்லாம் போய்விடும். அந்த வருஷ உலகப் போட்டியோடு ஆட்டத்தை விடுகிறேன் என்று அவள் அறிவித்திருந்தாள். போட்டி கிழக்கே தூரத்து நாட்டில் நடந்ததால் அவளுடைய கடைசி ஆட்டம் நமக்கு ஒரு சனிக்கிழமை மதியம் வந்தது. தவக்காலம் தொடங்கி நாலாவது வாரம். பள்ளி விடுமுறை. எனக்காகவே வைத்த மாதிரி இருந்தது.

சீட்டு எழுதும் அன்று மாமியார் பாக்கு என்று எழுதினார். மகள் சாக்லேட். நான் வழக்கம்போல, "வீட்டில் கவுச்சி சமைப்பதில்லை, முட்டைகூட இல்லை" என்று எழுதினேன். கணவர் தொண்டையைச் செருமிக்கொண்டு படித்தார்: "நம்ம குடும்பம் மொத்தத்துக்கும் சேத்து, டி.வி."

எனக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும், "அது எப்படி நீங்க எழுதலாம்? நாலாவது வாரம் எனக்கு ஒரு ஆட்டம் இருக்கு" என்றேன்.

"ஆட்டம் பாட்டத்த விடுறதுக்குத்தான தவக்காலம்" என்றார். மாமியார் நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டார். அதோடு பேச்சு முடிந்துவிட்டது. புதன்கிழமை சாம்பல் பூசிக்கொண்டு வந்த கையோடு கணவர் பழைய கட்டில் விரிப்பை எடுத்து டி.வி.யை மூடி, மேலே ஒரு செபமாலையையும் வைத்தார். இனி அதைத் தொட்டால் பாவம் என்கிற மாதிரி ஆகிவிட்டது.

அதற்குப் பிறகு நடந்ததைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. இவர் தினமும் வாசல்படியில் உட்கார்ந்து செல்போனில் கிரிக்கெட் பார்த்தார். கேட்டால், "இது டி.வி. இல்லயே" என்றார். கள்ளம் இல்லாமல் சொன்னார், அதுதான் கொடுமை. மகளுக்கும் செல்போன் இருந்ததால் டி.வி. போனதே அவளுக்குத் தெரியவில்லை. மாமியாருக்கு மணப்பாறையில் கட்டிக்கொடுத்த மூத்த மகள் தினமும் போன் போட்டு, அன்றைய சீரியலில் யார் யாருக்கு விஷம் வைத்தது என்பதுவரை ஒப்பித்துவிடுவார். மொத்தக் குடும்பத்தின் தியாகத்தையும் நான் ஒருத்தி செய்துகொண்டிருந்தேன்.

நீயும் செல்போனில் பார்த்துத் தொலைய வேண்டியதுதானே என்று கேட்பீர்கள். முயன்றேன். போட்டியின் முதல் சுற்று வியாழக்கிழமை. பள்ளிக்கூடத்தில் சாப்பாட்டு இடைவேளையில் சாம்பார் சாதத்தை ஒரு கையில் வைத்துக்கொண்டு பார்த்தேன். படம் சுற்றிச் சுற்றி நின்றது. ஒருத்தி குதித்தாள், காற்றிலேயே நின்றாள், மறுபடி படம் வந்தபோது வேறொருத்தி வணக்கம் சொல்லிக்கொண்டிருந்தாள். என் ஆட்டக்காரி வந்தபோது அந்த வெள்ளைத் தளத்தில் எள்ளளவு தெரிந்தாள். கைகள் தெரியவே இல்லை. எதற்காக நான் இப்படித் திருட்டுத்தனமாகப் பார்க்க வேண்டும் என்று அப்போது வந்த ஆத்திரத்தில் டப்பாவை மூடினேன். கடைசி ஆட்டத்தை டி.வி.யில்தான் பார்ப்பது என்று முடிவு செய்தேன்.

சனிக்கிழமை சமையலைச் சீக்கிரம் முடித்தேன். எல்லோரும் கூடத்தில் இருக்கும்போதே செபமாலையை எடுத்து முத்தமிட்டு ஆணியில் மாட்டினேன். விரிப்பை உருவி மடித்து வைத்துவிட்டு டி.வி.யைப் போட்டேன். ஒளித்துச் செய்ய நான் என்ன திருடியா?

"ஏய், என்ன பண்ற? ஆண்டவருக்குக் குடுத்தத் திரும்ப எடுப்பியா?" என்று எழுந்தார் கணவர்.

"நீங்க குடுத்தது என்னோடத. ஊரான் வீட்டு நெய்யே, எம் பொண்டாட்டி கையேன்னு சொல்லுவாங்களே, அது மாதிரி இருக்கு நீங்க பண்ணுன தியாகம். ஒங்க ஒறுத்தல்னா கிரிக்கெட்ட விடுங்க. எனக்குப் புடிச்சத விடுறதுக்கு நீங்க யாரு?"

அவருக்கு முகம் சிவந்துவிட்டது. "அப்படிப் பாத்தா நீ வருஷா வருஷம் கறிய விடுறியே, அது யாரோடது? மத்தவுக முட்டையாவது திங்கிறாக. நாப்பது நாளும் வாயக் கட்டிக்கிட்டுக் கெடக்குறது நானு. பேரு வாங்குறது நீயா?"

அவர் சொன்னது உண்மை. அதைவிடக் கேவலமான உண்மை ஒன்று எனக்குத்தான் தெரியும். எனக்குக் கவுச்சியே பிடிக்காது. சின்ன வயதிலிருந்தே அந்த வாடை ஆகாது. பிடிக்காத ஒன்றைக் கல்யாணமானதிலிருந்து பதினேழு வருஷமாக ஆண்டவருக்கு விட்டுக்கொடுத்து நல்ல பெயர் வாங்கியிருக்கிறேன். இவரைத் திட்டத் தூக்கிய கை அந்தரத்தில் நின்றது. கோபம் மட்டும் இறங்கவில்லை, எந்தப் பக்கம் போவது என்று தெரியாமல் உள்ளேயே கிடந்தது.

அப்போது மாமியார் இருந்த இடத்திலிருந்து சொன்னார்: "அவ எங்கடா கறி திங்கிறா? வந்த நாள்லேருந்து பாக்குறேன், கொழம்ப மட்டும் ரெண்டு சொட்டு ஊத்திக்கிட்டு எந்திரிச்சுருவா."

கணவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். "ஒனக்குக் கறி புடிக்காதா?"

"புடிக்காது."

"சொல்லவே இல்லயே?"

"கேக்கவே இல்லயே."

டி.வி.யைப் பிடுங்கியதுகூட எனக்குப் பெரிதில்லை. பதினேழு வருஷம் எதிரெதிரே உட்கார்ந்து சாப்பிட்டிருக்கிறோம். ஞாயிற்றுக்கிழமைக்கு ஞாயிற்றுக்கிழமை நான் சமைத்ததை ருசித்துச் சாப்பிட்டவர் ஒரு நாள்கூட என் தட்டைப் பார்த்ததில்லை. அதை நினைத்தபோது பற்றிக்கொண்டு வந்தது. ஆனால் டி.வி.யில் என் ஆட்டக்காரியின் பெயரைச் சொல்லிவிட்டார்கள். சண்டையை அப்புறம் போட்டுக்கொள்ளலாம் என்று தரையில் உட்கார்ந்தேன்.

முதல் சுற்றில் பின்தங்கியிருந்ததால் அவளை முன்னாலேயே ஆட விட்டிருந்தார்கள். நான்கு நிமிஷம். முதல் குதிப்பில் சுற்றைக் குறைத்துக்கொண்டாள். இரண்டாவதில் கை தரையில் பட்டது. அதற்குப் பிறகு அவள் எதைப் பற்றியும் கவலைப்படவில்லை என்று நினைக்கிறேன். வழுக்கிக்கொண்டே ஒரு பெரிய வளைவு போனாள், கையை விரித்தாள், எப்போதையும்விட மெதுவாக விரித்தாள். நான் அழுதேன். மார்க்கைப் போட்டபோது, "கண்ணு என்ன பொடரியிலயா இருக்கு ஒங்களுக்கு?" என்று அந்த நடுவர்களைப் பார்த்துக் கத்தினேன். அவள் பெஞ்சில் உட்கார்ந்து யாருக்கோ கையசைத்துக்கொண்டிருந்தாள்.

கணவர் எப்போது என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார் என்று தெரியாது. "நல்லாத்தான் ஆடுது அந்தப் பொண்ணு. அடுத்த வருஷம் பாத்துக்கலாம், விடு" என்றார்.

"இனிமே வர மாட்டா. இதோட சரி."

அவருக்குச் சமாதானம் செய்கிற எண்ணம்தான், அது குரலிலேயே தெரிந்தது. "சரி, கறி வேணாம். அப்ப ஒனக்கு என்னதான் புடிக்கும்? சொல்லு, ஈஸ்டருக்கு அதையே செய்வோம்" என்றார்.

பதினேழு வருஷம் கழித்து வந்த கேள்வி. நறுக்கென்று பதில் சொல்லி மூக்கை உடைக்க வேண்டும் என்றுதான் வாயைத் திறந்தேன். இவருக்கு நாட்டுக்கோழி, மாமியாருக்குக் கருவாட்டுக் குழம்பு, மகளுக்கு முட்டை போட்ட நூடுல்ஸ். எல்லாம் தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன். என்னுடையது என்ன என்று தேடினேன். தேடிக்கொண்டே இருந்தேன். கோபம் வந்தது, இந்தத் தடவை அது யார்மேல் என்று எனக்கே தெரியவில்லை. எனக்குப் பிடித்தது இது என்று கையை நீட்டிக் காட்ட அந்த வீட்டில் எனக்கு ஒன்றே ஒன்றுதான் இருந்தது. டி.வி.யைத் திரும்பிப் பார்த்தேன். அடுத்தவர்கள் ஆடுவதற்காகத் தளத்தைச் சரிசெய்யும் வண்டி வந்திருந்தது. அவள் போட்ட கோடுகளை எல்லாம் அது அழித்துக்கொண்டே போனது.