ரிசல்ட் வந்தபோது வீடு பூட்டியிருந்தது

மகள் பிறந்ததும் ஆஸ்பத்திரியில் பரிசோதனைக்காகக் குதிகாலில் குத்தி ரத்தம் எடுத்தார்கள். ரிசல்ட் பற்றி நான் கேட்கவே இல்லை. ஸ்ரீரங்கத்து முகவரியைக் கொடுத்துவிட்டு, லால்குடியில் அம்மா வீட்டுக்குப் போய்விட்டேன். கணவருக்கு வெளியூரில் வேலை. செல்போன் நம்பரையும் இடையில் மாற்றிவிட்டேன்.

மூன்றாம் மாதம் ஸ்ரீரங்கம் திரும்பிய மறுநாளே சுகாதார நர்ஸ் வந்தார்.

"நாலு தடவை வந்தேங்க, வீடு பூட்டியே இருந்துச்சு. பாப்பாவுக்குத் தைராய்டு கம்மியா இருக்குங்க."

"அழவே மாட்டா, சமத்துன்னு நெனைச்சேங்க" என்றேன். அவர் குழந்தையை வாங்கி மடியில் வைத்துக்கொண்டார்.

அன்றே மாத்திரை தொடங்கினோம். முதல் மாதமே கொடுத்திருக்க வேண்டும், தாமதித்தால் மூளை வளர்ச்சி பாதிக்கும் என்றார் டாக்டர். இப்போது அவளுக்கு நான்கு வயது. போன வாரம்தான் 'அம்மா' என்றாள்.

உறவில் யாருக்குப் பிரசவம் என்றாலும் நான் ஆஸ்பத்திரிக்குப் போய், குழந்தை எந்த வீட்டில் இருக்கப்போகிறதோ அந்த முகவரியை எழுதவைத்துவிட்டுத்தான் திரும்புகிறேன்.