ஆடிட்டுக்குச் சொல்வதுபோல் ஒரு பதில்

அருள்புரத்தில் ஒரு பனியன் கம்பெனியில் பல வருஷமாகச் செக்கிங் வேலை பார்க்கிறேன். சரக்கு வாங்கும் வெளிநாட்டு பையர், கம்பெனி வசதிகளைச் சோதிக்கும் ஆடிட்டுக்கு வருவதற்கு முதல் நாள் சூப்பர்வைசர் எங்களை நிறுத்திப் பதில் சொல்லிக் கொடுப்பார்.

“பாத்ரூம் சுத்தமான்னு கேட்டா, மூக்கைப் பொத்தாம ஆமான்னு சொல்லோணும் கண்ணு!”

சிரிப்போம். மறுநாள் அப்படியே ஒப்பிப்போம். அதிகாரி கேட்டால் நல்லபடியாகச் சொல்வதுதான் எங்களுக்குப் பழக்கம்.

என்னோடு தெற்கிலிருந்து வந்து டெய்லராக இருந்த என் அண்ணனுக்கு ஒரு வருஷம் மனநிலை கெட்டது. தன்னைக் கொல்லக் குடிதண்ணீரில் யாரோ சாயம் கலக்குவதாகச் சொன்னான். சோறும் அதில் வெந்ததுதானே என்று அதையும் விட்டான். இளநீர்தான் ஆகாரம். சட்டை தோளில் நிற்கவில்லை.

“எனக்கு ஒண்ணுமில்ல. தண்ணிய டெஸ்ட் பண்ணச் சொல்லு” என்பான்.

மனநல ஆஸ்பத்திரியில் அப்போதிருந்த சட்டத்தைச் சொன்னார்கள். அவனே சம்மதித்துக் கையெழுத்துப் போட்டால் சேர்க்கலாம். இல்லையென்றால் நான் மனுக் கொடுக்க வேண்டும். இரண்டு டாக்டர்கள் அவனைப் பார்த்து எழுதித் தர வேண்டும், ஒருவர் அரசு டாக்டர். தனியார் டாக்டர் வீட்டுக்கே வந்து பார்த்து எழுதிக் கொடுத்தார். அரசு டாக்டரிடம் ஒரே ஒரு தடவை வரும்படி அண்ணனைக் கெஞ்சினேன். வந்தான்.

காலையில் சவரம் செய்யவைத்து, இஸ்திரிச் சட்டை போட்டுவிட்டேன். பஸ்ஸில், “கேட்டதுக்கு மரியாதையாப் பதில் சொல்லுண்ணே. சாயம் கீயம்னு பேசிராத, மானம் போயிரும்” என்றேன். எதற்காகப் போகிறோம் என்பதையே மறந்திருந்தேன்.

“தண்ணி, சாப்பாடெல்லாம் ஒழுங்கா எடுத்துக்கறீங்களா?” என்று டாக்டர் கேட்டார்.

“மூணு நேரமும் சார்.”

“யார் மேலயாவது சந்தேகம் இருக்குதுங்களா?”

“இல்ல சார்.”

டாக்டர் என் பக்கம் திரும்பினார். “தெளிவாப் பேசறாருங்களே, நான் எப்படிங்க எழுதறது? நீங்க ஏதாச்சும் சொல்லோணுங்களா?”

அண்ணன் பக்கத்திலேயே இருந்தான். இல்லை என்று தலையாட்டினேன்.

பஸ் ஸ்டாப்பில் அண்ணன் கேட்டான். “சரியாச் சொன்னேம்லா?”

“சரியாச் சொன்னண்ணே.”

தண்ணீர் பாட்டிலை நீட்டினேன். முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

அடுத்த வாரம், நான் ஷிப்டில் இருந்தபோது வீட்டை விட்டுப் போனவன்தான், திரும்பவில்லை. போலீசில் அடையாளம் கேட்டார்கள். வீட்டில் அந்த இஸ்திரிச் சட்டை இல்லை, அதைச் சொன்னேன்.

இப்போதெல்லாம் ஆடிட் நாளில் லீவு போட்டுவிடுகிறேன்.