சாளை பொய் சொல்லாது

கஸ்பார் போய்விட்ட செய்தியை அவன் மகள் ரோஸ்லின்தான் போனில் சொன்னாள். "மாமா, அப்பா போயிட்டாவ. காலைல காப்பி குடிச்சிட்டு, ஃபேன் சத்தம் சரியில்லன்னு சொல்லிக்கிட்டே சாஞ்சாவ." எனக்கு அழுகை வந்த இடத்தில் சிரிப்பும் சேர்ந்து வந்தது. போகிற போக்கிலும் ஒரு ரிப்பேரைக் கண்டுபிடித்துவிட்டுத்தான் போயிருக்கிறான். இறந்தவரை 'அவர்' என்று எழுதுவதுதான் முறை. அப்படி எழுதினால், 'யாரச் சொல்லுத?' என்று அவனே கேட்பான். அதனால் அவன் என்றே எழுதுகிறேன்.

தூத்துக்குடியில் எங்கள் பட்டறைக்கு வந்துபோன உங்களுக்கெல்லாம் அவன் மீன் வண்டிகளுக்குக் குளிர்பெட்டி கட்டியவன். அந்தத் தொழில் ஒரு பழைய ஸ்போர்ட்ஸ் காரில் தொடங்கியது என்பது உங்களில் பலருக்குத் தெரியாது.

எழுபதுகளில் அவன் மீன் ஏற்றும் கப்பலில் குளிர்சாதன மெக்கானிக். ஒருமுறை லீவில் வந்தபோது ரோஸ்லின் கதவுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு, "அம்மா, யாரோ மாமா வந்திருக்காவ" என்றாளாம். அவன் பெட்டியைக்கூடத் திறக்கவில்லை. நேரே என் எஞ்சின் பட்டறைக்கு வந்தான். "ஏலே ஞானம், எம் மவ என்னைய மாமாங்கா. இனிமே கப்பல் ஏற மாட்டேன். எஞ்சினு ஒனக்கு, குளிரு எனக்கு" என்றான். அவன் மனைவி செசிலிக்குப் பயம். கரையில் யாருக்கு ஏசி வேண்டும்? கப்பல் ஏஜென்ட் அவன் இடத்தைக் காலியாகவே வைத்திருந்தார். முதல் வேலை சரியாக அமையவில்லை என்றால் திரும்பக் கப்பல்தான் என்று செசிலியிடம் ஒப்புக்கொண்டிருந்தான்.

முதல் வேலை சங்கரலிங்கம் பிள்ளையுடையது. ஆறுமுகநேரியில் உப்பளம் வைத்திருந்தவர். ஊருக்குக் கிளம்பிய ஒரு வெள்ளைக்காரரிடம் சிவப்பு நிறத்தில் இரண்டு பேர் உட்காரும் கார் ஒன்றை வாங்கிவிட்டார். மேலே மடக்குகிற கித்தான் கூரை. எஞ்சின் உப்புக் காற்றில் செத்தே போயிருந்தது. அவர் மனைவியோ, "அளத்துல உப்பு காயுதது பத்தாதா, நானும் கார்ல காயணுமா?" என்று ஏற மறுத்துவிட்டார். வேறு எஞ்சின் வைத்து, ஏசியும் போட்டு, வீட்டம்மாவைத் திருச்செந்தூருக்கு அழைத்துப் போக வேண்டும் என்பது பிள்ளையின் ஆசை.

நான் அம்பாசிடர் எஞ்சினை உள்ளே இறக்கினேன். பானட் மூடவில்லை, வெட்டி மேடு கட்டினோம். கம்ப்ரஸரை பெல்ட்டில் இணைத்ததும் எஞ்சின் இருமி இருமி நின்றது. ரேடியேட்டருக்கு முன்னால் அவன் கண்டென்சரை வைத்தான், தண்ணீர் கொதித்தது. பெரிய ரேடியேட்டர், இன்னொரு விசிறி என்று ஒவ்வொன்றாக மாற்றினோம். கித்தானுக்குள் குளிர் நிற்காது என்பதால், கப்பல் குளிர் அறையில் ஒட்டுகிற தக்கைப் பலகையைக் கதவிலும் தரையிலும் கூரையின் அடியிலும் ஒட்டினான். காருக்குக் கம்பளி போர்த்திய மாதிரி இருந்தது. கூரையை இனி மடக்க முடியாதே என்றேன். "குளிரும் வேணும், தெறந்தும் கெடக்கணும்னா, அதுக்குக் கடவுள்கிட்டதான் கேக்கணும்" என்றான்.

சோதனை ஓட்டத்தன்று காலையில் அவன் கையில் வாழையிலையில் சுற்றிய ஒரு சாளை மீன் இருந்தது. தெர்மாமீட்டர் இருக்கிறதே என்றேன். "அது நம்ம பிடிக்கிற எடத்துக்குத் தக்கன பேசும். சாளை பொய் சொல்லாது. மீன்லயே மொதல்ல கெடுதது அதுதான். அது தப்பிச்சா மனுசன் தப்பிப்பான்" என்றான். கப்பலில் அவன் பார்த்த குளிரெல்லாம் மீனுக்கான குளிர்தானே. இலையோடு சாளையை இருக்கைக்கு அடியில் வைத்து, உச்சி வெயிலில் திருச்செந்தூர் வரை போய், திரும்பி ஆறுமுகநேரிக்கு வந்தோம். செவுள் செக்கச்செவேல் என்றிருந்தது, மீன் கெடவே இல்லை. சந்தோஷத்தில் அவன் எனக்கு முத்தம் கொடுத்துவிட்டான். மீனை டிபன் கேரியரில் போட்டுக்கொண்டான். பிள்ளை சுத்த சைவம் என்பது எங்கள் இரண்டு பேருக்கும் நினைவில்லை. பள்ளத்தில் குலுங்கியதில் சாளைத் தண்ணீர் தக்கைக்குள் இறங்கியதும் தெரியவில்லை.

காரைப் பிள்ளை வீட்டு வாசலில் நிறுத்தியதும், அவர் வீட்டம்மா பட்டுச்சேலையும் அர்ச்சனைக் கூடையுமாக ஏறி உட்கார்ந்தார். கதவைச் சாத்தி ஏசியைப் போட்டேன். அடுத்த நிமிடம் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு இறங்கிவிட்டார்.

"என்னவே வாடை இது?" என்றார் பிள்ளை.

"கடக்காத்து, அண்ணாச்சி…" என்று நான் ஆரம்பித்தேன்.

"இல்ல அண்ணாச்சி, சாளைதான்" என்றான் கஸ்பார். அதோடு விடவில்லை. கேரியரைத் திறந்து மீனை அவர் முகத்துக்கு நேரே நீட்டினான். "தூத்துக்குடில இருந்து வந்தது. செவுளப் பாருங்க."

பிள்ளை பார்க்கவில்லை, பின்னால் நகர்ந்து, வீட்டம்மா கீழே வைத்திருந்த அர்ச்சனைக் கூடையில் காலை வைத்துவிட்டார். எனக்குக் கண் முன்னால் கப்பல் தெரிந்தது. கஸ்பார் மீனை நீட்டியபடியே நின்றான்.

அப்போது, கருவாட்டுக்கு உப்பு விலை பேச வந்து வாசலில் நின்றிருந்த காயல்பட்டினத்து மரைக்காயர் ஒருவர் அந்தச் சாளையை வாங்கிச் செவுளைக் கட்டைவிரலால் விரித்துப் பார்த்தார்.

"ஐஸ் வச்சியா தம்பி?"

"வைக்கல. இந்தக் காருக்குள்ளதான் கெடந்துது."

"மணப்பாட்டுல இருந்து நம்ம இறாலு தூத்துக்குடி வாரதுக்குள்ள பாதி கெட்டுப்போவுது. எங்கிட்ட ஒரு வேன் கெடக்கு. இத அதுல செய்வியா?"

தக்கையை உரித்துப் புதிதாக ஒட்டி, சாம்பிராணி போட்டு, பிள்ளையின் காரையும் பிறகு ஒப்படைத்தோம். வீட்டம்மா சால்வை போர்த்திக்கொண்டுதான் திருச்செந்தூர் போனார். அது இறாலுக்கான குளிர். ஆனால் கஸ்பாரின் கரை வாழ்க்கை மரைக்காயர் கேட்ட அந்த ஒரு கேள்வியிலேயே முடிவாகிவிட்டது. அன்று சாயங்காலம் செசிலியிடம் சாளையைக் கொடுத்து, "இதப் பொரி. ஏஜென்ட்டுக்கு வரலன்னு சொல்லிரு" என்றான். ரோஸ்லின் தட்டோடு அவன் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "முள்ளு எடுத்துத் தாங்கப்பா" என்றாள். அவன் வெகுநேரம் முள் எடுத்தான். ஒரு சாளையில் அவ்வளவு முள் கிடையாது.

உரித்த தக்கையில் ஒரு துண்டு என் மேசையில் இருக்கிறது. இன்னும் மீன் வாடை அடிக்கிறது என்பேன். இல்லவே இல்லை என்பாள் என் மனைவி. என்னிடம் மிஞ்சியது அதுவும், நான் கடல்காற்று என்று மழுப்பிய இடத்தில் அவன் சொன்ன 'சாளைதான்' என்ற அந்தப் பதிலும்தான்.

அடக்கத்தன்று அவனைக் கண்ணாடிக் குளிர்பெட்டியில் வைத்திருந்தார்கள். ரோஸ்லின் என் அருகில் வந்து, "மாமா, கூலிங் சரியா இருக்கான்னு பாருங்க. இல்லன்னா அப்பா ஏசுவாவ" என்றாள். கண்ணாடியில் கையை வைத்துப் பார்த்தேன். மோட்டார் சத்தத்தையும் கொஞ்சம் கேட்டேன். சரியாகத்தான் இருந்தது, கஸ்பார். நான் பொய் சொல்லவில்லை.