சம்பந்தி அம்மாவின் புட்டிங்

எனக்குச் சர்க்கரை வியாதி கிடையாது. ஒன்பது வருடங்களாக இருப்பதாகச் சொல்லி வந்தேன்.

மகனுக்குக் கல்யாணமான வருடம், கிறிஸ்துமஸுக்கு மறுநாள், சம்பந்தி அம்மா சாந்த்ராகாச்சியிலிருந்து பஸ் மாறி பெஹாலாவில் எங்கள் வீட்டுக்கு வந்தார். வங்காளக் கிறிஸ்தவர், கணவரை இழந்தவர். மடியில் வைத்துக் கொண்டுவந்த தகர டின்னில் அவர்கள் குடும்பத்துப் புட்டிங் இருந்தது. மைதாவும் வெண்ணெயும் கலந்த மாவின் மேல் ஈச்ச வெல்லப் பாகைச் சூடாக ஊற்றி ஓவனில் வைப்பார்கள். வேக வேகப் பாகு அடியில் இறங்கிவிடும். தட்டில் கவிழ்த்தால் மேலிருந்து வழியும்.

“முட்டை போடலை தாதா, தயிர்தான். டின்கூடப் புதுசு” என்றார் வங்காள மொழியில். என்னை அண்ணனாக வைத்து ‘தாதா’ என்றுதான் கூப்பிடுவார்.

அவர் சொன்னது உண்மை. முட்டையில்லாமல் மூன்று முறை செய்துபார்த்தார், இரண்டு முறை அமுங்கிப் போனது என்று மருமகள் முன்பே சொல்லியிருந்தாள். எனக்குச் சந்தேகமே இல்லை. மீனும் கறியும் வேகும் ஓவனில் வெந்தது என்பதுதான் என்னைத் தடுத்தது. அதைச் சொல்லத் தைரியம் வரவில்லை. “எனக்கு சுகர்” என்றேன்.

அவர் முகம் வாடியிருந்தால்கூட நான் தப்பித்திருப்பேன். பதறிப் போனார். எவ்வளவு இருக்கிறது, என்ன மாத்திரை என்று கேட்டார். அதற்குப் பிறகு வரும்போதெல்லாம் எனக்கென்று பாகற்காயும் வேப்பங்கொழுந்தும் வந்தன. “பேப்பரைப் பிடிச்சுண்டு உட்கார்ந்தா சுகர் இறங்குமா தாதா? எழுந்து நடங்கோ!” என்று அதட்டுவார். மருமகள் என் டீயில் சர்க்கரை போடுவதை நிறுத்தினாள். நான் காளிகாட் பக்கம் போய், மிட்டாய்க் கடையில் நின்றபடியே இரண்டு சந்தேஷ் தின்றுவிட்டு, வாயைத் துடைத்துக்கொண்டு வீடு திரும்புவேன்.

போன மழைக்காலத்தில் அவர் இறந்தார்.

இந்த டிசம்பரில் அந்தப் புட்டிங்கைச் செய்யக் கற்றுக்கொடு என்று மருமகளிடம் கேட்டேன். கைக்கு ஒரு வேலை இருந்தால் உண்மையைச் சொல்ல வாய் திறக்கும் என்று நினைத்தேன்.

“உங்களால சாப்பிட முடியாதே பாபா, எதுக்கு?”

“நீ சாப்பிடு.”

முதல் முறை கெடுத்துவிட்டேன். பாகு என்றால் பதம் பார்க்க வேண்டும் என்றுதான் என் வீட்டில் பார்த்திருக்கிறேன். தண்ணீரில் விட்டு உருட்ட வரும்வரை காய்ச்சினேன். அவள் எட்டிப் பார்த்தாள்.

“இதென்ன அதிரசமா பாபா? மா பாத்திருந்தா கரண்டியாலயே போட்டிருப்பா!”

பாகு டின்னோடு கல்லாக இறுகியது. கத்தியால் நெம்பி எடுத்தோம். அடுத்த முறை ஒரு கொதியிலேயே இறக்கினேன். ஊற்றியதும் மாவு மூழ்கிவிட்டதைப் பார்த்து இதுவும் போச்சு என்றேன்.

“ஓவன் பாத்துக்கும். கதவை மூடுங்கோ.”

மூடிவிட்டு, “எனக்கு சுகர் கிடையாது” என்றேன்.

அவள் சிரித்தாள். “குணமாயிடுத்தா? டாக்டர் சொன்னாரா?”

“எப்பவுமே இருந்ததில்லை.”

ஓவனைப் பற்றியும் சொன்னேன். எதையும் மறைக்கவில்லை. அவள் கையில் பிடித்திருந்த துணியைத் திருப்பித் திருப்பி மடித்துக்கொண்டிருந்தாள்.

“ஆஸ்பத்திரியில பேச முடியாதப்போ மா பேப்பர்ல எழுதித்தான் எதையும் கேட்டா. உங்க சுகர் எவ்வளவுன்னு எழுதினா. குறைஞ்சிருக்குன்னேன். சந்தோஷப்பட்டா.”

“என்னை மன்னிச்சுடும்மா.”

“என்கிட்ட எதுக்குக் கேக்கறேள்?”

புட்டிங் வெந்ததும் அவளே எடுத்துத் தட்டில் கவிழ்த்தாள். பாகு நாலு பக்கமும் வழிந்தது. பெரிய துண்டாக வெட்டி என் முன்னால் வைத்தாள்.

“சாப்பிடுங்கோ.”

சாப்பிட்டேன். இன்னொரு துண்டு வைத்தாள். அதையும் சாப்பிட்டேன். அவள் ஒரு வாய்கூட எடுத்துக்கொள்ளவில்லை. நான் முடிக்கும்வரை மேஜையருகே நின்றிருந்தாள். பிறகு தட்டை எடுத்துக்கொண்டு போய்க் கழுவினாள்.

நன்றாக இருந்ததா என்று கேட்கவில்லை. நன்றாக இருந்தது.