எரியாத கை

எங்கள் பக்கத்தில் உப்பளத்திலிருந்து திரும்பும் பெண்கள் தெருக்குழாயடியில் கைகால் கழுவும்போது ஒருத்தியை ஒருத்தி கேட்பது ஒரே கேள்விதான்: "எரியுதா?"

வெடித்த குதிகால், உப்பு கீறிய விரலிடுக்கு, கூடையின் நார் அறுத்த மணிக்கட்டு எல்லாவற்றுக்கும் எங்களிடம் ஒரே பெயர், உப்புப் புண். தண்ணீர் பட்டு எரிந்தால் இன்னும் ஆறவில்லை. எரியவில்லை என்றால் ஆறிவிட்டது. இதற்கு மேல் யாரும் யோசித்ததில்லை. பி.எஸ்சி. முடித்துவிட்டு மரக்காணத்தில் இ-சேவை மையத்தில் ஊருக்கெல்லாம் விண்ணப்பம் நிரப்பிக்கொண்டிருந்த நானும்தான்.

அக்கா என்னைவிட ஏழு வயது பெரியவள். பத்தாவது முடித்த கோடையிலிருந்து தலையில் உப்புக்கூடை சுமக்கிறாள். அவள் சுமந்ததில்தான் நான் காலேஜ் போனேன். அவள் இடது முழங்கைக்குக் கீழே உள்ளங்கை அகலத்துக்கு ஒரு வெளுத்த திட்டு இருந்தது. எப்போது வந்தது என்று அவளுக்கே தெரியாது. தேமல் என்றார்கள். எதிர்வீட்டு அண்ணி, அக்காவோடு கூடை தூக்குகிறவள், வாய் ஓயாதவள், அதை வைத்தே கிண்டலடிப்பாள்.

"உங்கக்கா கொஞ்சம் கொஞ்சமா வெள்ளக்காரி ஆவுறா பாரு. முழுசா ஆனதும் நம்மகூட எங்க வேலைக்கு வரப் போறா?"

"அது எரியாது, அரிக்காது. இருந்துட்டுப் போவட்டும்," என்பாள் அக்கா.

என்னால் அப்படி விட முடியவில்லை. எனக்கு எதுவாக இருந்தாலும் உடனே தெரிந்தாக வேண்டும், உடனே செய்தாக வேண்டும். பங்குனி மாதம் ஒரு மதிய நேரத்தில், மையத்தில் சர்வர் படுத்துக்கொண்டபோது, பாண்டிச்சேரியில் இருக்கிற தோல் கிளினிக்குகளைப் போனில் தேட ஆரம்பித்தேன். ஏழு கிடைத்தன. நோட்டில் கட்டம் போட்டேன். எத்தனை நட்சத்திரம், முதல் தடவை பார்க்க எவ்வளவு, லேசர் உண்டா, பஸ் ஸ்டாண்டிலிருந்து எவ்வளவு தூரம். அரசு ஆஸ்பத்திரிக்குக் கட்டமே போடவில்லை. அங்கே வரிசையில் நிற்கவேண்டும், அக்காவுக்கு ஒரு நாள் கூலி போய்விடும், அதுவுமில்லாமல் சும்மா கொடுப்பது எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும் என்று நினைத்துக்கொண்டேன். டாக்டர் என்ன படித்திருக்கிறார் என்பதற்கும் கட்டம் இல்லை. அது தோன்றவேயில்லை.

நான் தேர்ந்தெடுத்த இடத்தில் கண்ணாடிக் கதவு, வெள்ளை சோபா, ஏசி. அக்கா சோபா விளிம்பில் ஒட்டியும் ஒட்டாமலும் உட்கார்ந்தாள்.

"நல்லா உக்காருக்கா."

"புடவைல உப்பு இருக்கும்டி. ஒட்டிக்கப் போவுது."

முதல் தடவை பார்ப்பது இலவசம் என்று போட்டிருந்தார்கள். உள்ளே போன பிறகு, பார்ப்பதுதான் இலவசம், மெஷினில் தோலைப் பரிசோதிக்கத் தனி என்றார்கள். வெள்ளைக் கோட்டு போட்டவர் திட்டைப் பார்த்துவிட்டுக் கேட்டார்.

"எரியுதாம்மா? அரிக்குதா?"

"எரியவே எரியாதுங்க சார். உப்புத்தண்ணி பட்டாக்கூட எரியாது," என்றாள் அக்கா, மார்க் வாங்கின பிள்ளை மாதிரி. அவர் தலையாட்டி எழுதினார். நானும் கூடவே தலையாட்டினேன்.

பிறகு முன்னறைப் பெண் என்னிடம் பேக்கேஜ் சொன்னாள். ஆறு சிட்டிங், பதினெட்டாயிரம். நான் விடவில்லை. க்ரீம் இதில் சேர்த்தியா? ஒரு சிட்டிங்குக்கு வர முடியாமல் போனால் பணம் திரும்ப வருமா? மொத்தமாகக் கட்டினால் குறையுமா? மெஷின் காசைக் கழிப்பீர்களா? கேட்டுக் கேட்டு மூவாயிரம் குறைத்தேன். திரும்பி வரும் பஸ்ஸில் அக்கா என் தோளில் இடித்துச் சொன்னாள்: "அந்தப் பொண்ணு உன்னப் பாத்து பயந்துட்டாடி." ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்தேன். இன்றைக்கும் ஈ.சி.ஆரில் பஸ் பொம்மையார்பாளையம் தாண்டும்போது அந்தச் சிரிப்பு ஞாபகத்துக்கு வருகிறது, தலையைக் கவிழ்த்துக்கொள்கிறேன். அத்தனை கேள்வி கேட்டவள் ஒன்றைக் கேட்கவில்லை. இது என்ன வியாதி? பில்லில் 'நிற மாற்ற சிகிச்சை' என்று இருந்தது. அதையே வியாதியின் பெயர் என்று எடுத்துக்கொண்டேன்.

சிட்டிங்கில் திட்டின் மேல் ஏதோ திரவம் தடவுவார்கள். தடவுகிற பெண் முதல் நாளே எச்சரித்தாள்.

"கொஞ்சம் எரியும் மேடம், பொறுத்துக்கோங்க."

அக்கா பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்தாள். கொஞ்ச நேரம் கழித்து, "தடவிட்டீங்களா?" என்று கேட்டாள்.

"உங்களுக்கு தாங்குற சக்தி ஜாஸ்தி மேடம்."

அக்கா அதை உப்பளத்தில் போய்ச் சொல்ல, பெண்களுக்கெல்லாம் பொறாமை. "குடுத்து வச்ச கைடி உனுக்கு," என்றாள் அண்ணி. "எனுக்கு எலுமிச்சம்பழம் புழிஞ்சாலே உசுரு போவுது."

மூன்றாவது சிட்டிங்குக்குப் பிறகு அக்காவின் இடது சுண்டுவிரலில் ஒரு கொப்புளம் பார்த்தேன். சோற்றுப்பானையை வெறுங்கையால் இறக்கியிருக்கிறாள், சூடு தெரியவில்லை. கை உப்பிலேயே ஊறி மரத்துப்போச்சு என்று சிரித்தாள். நானும் சிரித்தேன். ஆடி மாதம் சுண்டுவிரலும் அடுத்த விரலும் லேசாக உள்பக்கம் மடங்க ஆரம்பித்தன. இதை அக்கா என்னிடம்தான் முதலில் சொன்னாள். என்னிடம்தான் சொல்வாள், படித்தவள் நான்தானே. போனில் தேடினேன். கால்சியம் குறைவு என்று ஒரு இடத்தில் போட்டிருந்தது. அதுவே போதுமாக இருந்தது எனக்கு. மருந்துக்கடையில் ஒரு டப்பா கால்சியம் வாங்கிக் கொடுத்தேன். அவள் ஒரு நாள்கூட விடாமல் சாப்பிட்டாள்.

ஆறு சிட்டிங்கும் முடிந்தன. திட்டு அப்படியே இருந்தது. இன்னொரு நான்கு போட்டால் பலன் தெரியும் என்றார்கள். மழை வந்து பாத்திகளெல்லாம் ஏரி மாதிரி நிரம்பி, வேலை நின்றுபோனதால் அந்த நான்கையும் நாங்கள் போடவில்லை.

மழை முடிந்து மறுபடி உப்பு வார ஆரம்பித்த நாட்களில் அக்காவின் கூடை வரப்பிலேயே சரிந்தது. ஒரு நாள் இல்லை, மூன்று நாள். மேஸ்திரி எல்லோருக்கும் முன்னால் கத்தினார்.

"ஏம்மா, புடிக்கத் தெரியாதவளா நீ? வீட்ல தூங்கறதுதானே?"

பதினாறு வருஷமாகச் சுமந்தவளைப் பார்த்துக் கேட்ட கேள்வி. வீட்டுக்கு வந்து கையை முந்தானைக்குள் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

அந்த வாரம்தான் சுகாதாரத் துறையிலிருந்து ஒரு நர்ஸ் வீடு வீடாக வந்தார். உடம்பில் உணர்ச்சியில்லாத தேமல் யாருக்காவது இருக்கிறதா என்று கேட்டார். நான் முந்திக்கொண்டு, "அதுக்கு ஏற்கெனவே பாண்டில பாத்துட்டோங்க," என்றேன். அவர் என்னைத் தாண்டி அக்காவின் கையைப் பார்த்தார்.

"உக்காரும்மா. கண்ண மூடிக்கோ. நான் பேனாவால தொடுவேன். தொட்ட எடத்த விரலால காட்டு."

அக்கா கண்ணை மூடினாள். பேனா முனை திட்டின் நடுவில் பட்டது. ஓரத்தில் பட்டது. சுண்டுவிரலில் பட்டது. தோல் குழிகிற அளவுக்கு அழுந்தியது. நான் எண்ணினேன், ஏழு தடவை. அக்கா கண்ணை மூடியபடி, வலது கை விரலை நீட்டித் தயாராக வைத்துக்கொண்டு, மரியாதையாகக் கேட்டாள்.

"எப்பங்க ஆரம்பிப்பீங்க?"

நர்ஸ் என்னை நிமிர்ந்து பார்த்தார். திட்டியிருந்தால் தேவலாம். பையிலிருந்து ஒரு சீட்டை எடுத்து அரசு ஆஸ்பத்திரிக்கு எழுதிக் கொடுத்தார்.

அரசு ஆஸ்பத்திரியில் தோல் டாக்டர் ஒரு பெண். முழங்கையின் உள்பக்கம் தடவி நரம்பைக் கண்டுபிடித்தார். கயிறு மாதிரி தடித்திருக்கிறது, தொட்டுப் பார் என்று என் விரலை எடுத்து வைத்தார். பிறகு வியாதியின் பெயரைச் சொன்னார். தொழுநோய். மாத்திரை சாப்பிட்டால் முழுசாகக் குணமாகும், மாத்திரை ஆரம்பித்துவிட்டால் மற்றவர்களுக்கு ஒட்டாது, பயப்படாதீர்கள் என்றார். அக்கா விரல்களைக் காட்டி, "இது நிமுந்துடுங்களா?" என்று கேட்டாள்.

"எப்ப மடங்க ஆரம்பிச்சுது?"

"ஆடி மாசம்."

டாக்டர் விரல்விட்டு மாசத்தை எண்ணினார். "நரம்பு வீக்கம் குறைய மாத்திரை தர்றேன். பாக்கலாம். அப்பவே வந்திருந்தா நல்லா இருந்திருக்கும்."

மாத்திரை கொடுக்கும் ஜன்னலில் நான் பர்ஸைத் திறந்து எவ்வளவு என்று கேட்டேன். உள்ளே இருந்தவர் நிமிர்ந்தார்.

"இதுக்கு ஏதுமா காசு? இது எப்பவுமே ஃப்ரீதான்."

மூவாயிரம் குறைத்தவள் பர்ஸை மூடத் தெரியாமல் நின்றேன்.

அந்த மாத்திரையில் சிறுநீர் சிவப்பாகப் போனது. போகப் போக உடம்புத் தோல் கறுத்தது. பதினைந்தாயிரம் கொடுத்து வெளுப்பைப் போக்கப் போனோம், சும்மா கிடைத்த மருந்து ஆளையே கறுப்பாக்கியது. அக்காவுக்கு அது பெரிதில்லை. அவளுக்குப் பயமெல்லாம் அந்தப் பெயர்தான்.

"வெளிய வாயத் தொறந்த, நான் கெணத்துல குதிப்பேன்," என்றாள். "யார் கேட்டாலும் உப்புப் புண்ணுன்னு சொல்லு."

சொன்னேன். உப்புப் புண், கை சுளுக்கு, டாக்டர் வேலைக்குப் போகக் கூடாது என்றுவிட்டார். எல்லோரும் நம்பினார்கள். எங்கள் ஊரில் உப்புப் புண்ணை யார் நம்பமாட்டார்கள்?

இப்போது சாயங்காலம் அக்காவின் இடது கையை என் மடியில் வைத்து ஒவ்வொரு விரலாகத் திருப்பிப் பார்க்கிறேன். அடிபட்டால் அவளுக்குத் தெரியாது, கண்ணால்தான் தேடவேண்டும் என்று சொல்லி அனுப்பினார்கள். வீக்கத்துக்கான மாத்திரை முடிந்துவிட்டது. இரண்டு விரலும் மடங்கியேதான் இருக்கின்றன.

போன வாரம் அப்படிப் பார்த்துக்கொண்டிருந்தபோது எதிர்வீட்டு அண்ணி வந்தாள். அக்கா கையை உருவிக்கொண்டு உள்ளே போய்விட்டாள். அண்ணி என் பக்கத்தில் உட்கார்ந்து புடவையை முழங்காலுக்கு ஏற்றினாள்.

"பாப்பா, இத்தப் பாரேன். உங்கக்காவுக்கு இருந்தாப்லயே ஒண்ணு. எரியல, ஒண்ணும் பண்ணல. நீங்க பாண்டில போன எடம் எதுன்னு சொல்லு. நானும் வெள்ளக்காரி ஆவ வேணாவா?"

கெண்டைக்காலில் காசு அளவு வெளுத்த திட்டு. அங்கே வேண்டாம் அண்ணி, மரக்காணம் அரசு ஆஸ்பத்திரிக்குப் போங்கள், காசே இல்லை என்றேன்.

"அய்ய, ஃப்ரீயா? உங்கக்காவுக்குன்னா சோபா போட்ட எடம், எனுக்கு மட்டும் கவர்மெண்டா? காசு இருக்குதும்மா. எடத்த மட்டும் சொல்லு."

ஏன் வேண்டாம் என்று சொல்ல ஒரே ஒரு வார்த்தைதான் இருந்தது. அதைச் சொல்லமாட்டேன் என்று அக்காவுக்குச் சத்தியம் செய்திருந்தேன். அண்ணி என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். "சொல்லக் கூடாதா? சரி வுடு," என்று புடவையை இறக்கிக்கொண்டு எழப் போனாள்.

அப்போது அக்கா வெளியே வந்தாள். அண்ணிக்கு எதிரில் உட்கார்ந்து, மாதக்கணக்காக முந்தானைக்குள்ளேயே வைத்திருந்த இடது கையை எடுத்து அவள் மடியில் வைத்தாள். மடங்கிய இரண்டு விரலும் மேலே தெரிந்தன. அண்ணி குனிந்து பார்த்தாள்.

"இதுவும் எரியலதான்," என்றாள் அக்கா. "கண்ண மூடுடி."

பிறகு என் பக்கம் திரும்பினாள்.

"பேனா எடு."