ஹரிநாராயணன் வீட்டு முதல் டிகாஷன்

ஆனையூர் ஹரிநாராயணன் ஆளைப் பார்த்த மாத்திரத்தில் எடை போட்டுவிடுவார். அவர் பார்த்த உத்தியோகம் அப்படி. கூடல்நகர் பக்கம் ஒரு கல்யாண மண்டபத்தில் மேனேஜர் என்று பெயர். உண்மையில் அவருக்கு அங்கே ஒரே வேலைதான், யாரை எந்தப் பந்தியில் உட்காரவைப்பது என்று முடிவு செய்வது. பெண்ணுக்குத் தாய்மாமன் முதல் பந்தி, மாப்பிள்ளையின் ஆபீஸ்காரர்கள் இரண்டாம் பந்தி, யார் வீட்டு ஆள் என்றே தெரியாமல் ரசத்துக்கு வந்து சேருகிறவர்கள் கடைசிப் பந்தி. பந்திக்கு முந்து, படைக்குப் பிந்து என்று ஊருக்குச் சொல்லிவைத்தவர்கள், முந்துகிறவனைத் தோளில் கைபோட்டுப் பின்னால் அழைத்துப்போகிற மனிதனைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. அந்த மனிதன் ஹரிநாராயணன்தான்.

இதை மண்டபத்தோடு விட்டிருந்தால் ஒரு தொல்லையும் இல்லை. அவர் வீட்டுக்கும் கொண்டுவந்தார். வீட்டில் பந்தி கிடையாது, காபி உண்டு. பித்தளை பில்டரில் முதலில் இறங்குகிற டிகாஷன் அவருக்கும், மண்டபத்து முதலாளிக்கும், வரப்போகிற சம்பந்திகளுக்கும். அதே தூளில் மறுபடி வெந்நீர் ஊற்றி இறக்கிய இரண்டாம் டிகாஷன் பக்கத்து வீட்டாருக்கும், தூரத்து உறவுக்கும், மின்சாரக் கணக்கெடுக்க வருகிறவருக்கும். மூன்றாவதாக ஒன்று இறங்கும். பெயருக்குத்தான் அது டிகாஷன், தூளைக் குளிப்பாட்டிய தண்ணீர் என்றும் சொல்லலாம். அது மோட்டார் ரிப்பேருக்கு வருகிற அழகுபாண்டிக்கும், கோயில் நன்கொடை கேட்டு வருகிறவர்களுக்கும், அப்புறம் அவர் மனைவி சூடாமணிக்கும். சூடாமணியை அவர் அந்த வரிசையில் வேண்டுமென்று நிறுத்தவில்லை. எல்லாருக்கும் கொடுத்தபின் அடுப்படியில் மிஞ்சியது அது, அடுப்படியில் இருந்தது அவள்.

தெருவுக்கே இந்தக் கணக்கு தெரியும். சூடாமணியின் தம்பி வெங்கடேஷ்பாபு புதுவீட்டுப் பால்காய்ப்புக்கு நேரில் வந்து அழைக்காமல் வாட்ஸப்பில் பத்திரிகை அனுப்பினான். அடுத்த தடவை அக்கா வீட்டுக்கு வந்தபோது டம்ளரை ஆற்றிப் பார்த்தான். நிறம் வெளுத்திருந்தது. தான் இரண்டாம் டிகாஷனுக்கு இறங்கிவிட்டோம் என்று புரிந்துகொண்டு, ஒரு வாய் குடிக்காமல் எழுந்துபோய்விட்டான். அப்புறம் தீபாவளிக்குத்தான் எட்டிப்பார்த்தான்.

இந்த ராஜ்ஜியத்தைக் கவிழ்த்தது பெற்ற மகள். பெங்களூரில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கும் ரம்யாஸ்ரீ பொங்கலுக்கு வந்தவள், அங்கே நல்ல காபிக்கு நாக்கு செத்துப்போகிறது என்று பித்தளை பில்டரைப் பைக்குள் போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டாள். பதிலுக்குத் தன் பிரெஞ்ச் பிரஸ்ஸையும், அதற்கென்று ரவை பதத்தில் அரைத்த ஒரு பை காபித்தூளையும் வைத்துவிட்டுப் போனாள். பிரெஞ்ச் பிரஸ் என்றால் பெரிய சூத்திரம் எதுவும் இல்லை. கைப்பிடி வைத்த கண்ணாடிக் குடுவை, மூடியில் ஒரு தண்டு, தண்டின் அடியில் வட்டமாக ஒரு சல்லடை. தூளைப் போட்டு வெந்நீர் ஊற்றி நாலு நிமிஷம் காத்திருந்து தண்டை அமுக்கினால், தூள் அடியில் போய் அமர்ந்துவிடும், காபி மேலே நிற்கும்.

மறுநாள் காலை சூடாமணி அதில் போட்டாள். ஒரே குடுவையிலிருந்து இரண்டு டம்ளருக்கு ஊற்றிப் பால் சேர்த்தாள். வேறு வழியில்லை, அதில் ஒரு தடவைதான் இறங்கும். தன் டம்ளரை அடுப்பு மேடையருகே நின்றபடி குடித்தவள், பாதியில் நிறுத்திவிட்டுக் கூடத்துக்கு வந்தாள்.

"இம்புட்டு வருஷமா நீங்க குடிச்சதெல்லாம் இதானா?"

ஏன், நன்றாக இல்லையா என்று அவர் கேட்டார். அவள் உள்ளே போய், குடுவையில் மிச்சமிருந்ததையும் குடித்தாள்.

அன்று சாயங்காலமே ஹரிநாராயணன் புது பில்டர் வாங்கப் புறப்பட்டார். அவர்கள் வீட்டில் பேசுவது சௌராஷ்டிரம். சண்டை என்று வந்தால் மட்டும் இருவரும் தமிழுக்கு மாறிவிடுவார்கள், மதுரைத் தமிழில் கிடைக்கிற சௌகரியம் வேறெதிலும் கிடைக்காது. சூடாமணி தமிழுக்கு மாறினாள். "பில்டர் இந்த வாசப்படி ஏறுச்சுன்னா, இனி காப்பிய நீங்களே போட்டுக் குடிச்சுக்கங்க." ஆயிரம் பேருக்குப் பந்தி போட்ட மனிதருக்குப் பால் பொங்காமல் காய்ச்சத் தெரியாது. செருப்பைக் கழற்றிவிட்டு உட்கார்ந்துவிட்டார்.

அதன்பிறகு அவர் பட்ட பாடு கொஞ்சமில்லை. அழகுபாண்டி வந்து குடித்துவிட்டு, "அண்ணே, இன்னைக்குத்தான்ணே உங்க வீட்டுக் காப்பி காப்பியா இருக்கு" என்றான். அவரைக் கன்னத்தில் அறைந்த மாதிரி இருந்தது. அமுக்கிய தூளிலேயே மறுபடி வெந்நீர் ஊற்றச் சொல்லிப் பார்த்தார், பாத்திரம் கழுவிய தண்ணீரில் மண் கரைத்த மாதிரி வந்தது. குடுவையின் மேல்காபியைப் பெரிய மனிதர்களுக்கும் அடிக்காபியை மற்றவர்களுக்கும் கொடுத்தால் என்ன என்று யோசித்தார். அடியில்தான் நிறம் கறுத்துக் கெட்டியாக இருந்தது! அப்படியானால் கடைசி ஆளுக்கு உசத்திக் காபி போகிறது. அடிக்காபியைப் பெரியவர்களுக்குக் கொடுத்தால் பல்லில் தூள் நறநறக்கும். மேலா கீழா என்று தெரியாத ஒரு பாத்திரத்தை அவர் ஜென்மத்தில் பார்த்ததில்லை.

இதற்குள் கணக்கெடுக்க வந்தவர் முதல் நன்கொடை நோட்டீஸ்காரன் வரைக்கும் எல்லாருக்கும் ஹரிநாராயணன் வீட்டில் முதல் தரக் காபி என்று தெருவில் பரவிவிட்டது. இந்த மனுஷன் காரணமில்லாமல் இப்படிச் செய்யமாட்டாரே என்று ஜனங்கள் கூடி யோசித்து, அவர் கவுன்சிலர் தேர்தலில் நிற்கப்போகிறார் என்று முடிவு கட்டினார்கள். இரண்டு பேர் வந்து, குடிநீர்க் குழாயைக் கவனிக்கும்படி மனுவே கொடுத்துவிட்டார்கள். அவர்களுக்கும் அதே காபி போயிற்று.

சூடாமணி மட்டும் சந்தோஷமாக இருந்தாள். அந்த நாலு நிமிஷம் ஒரு வேலையும் செய்ய முடியாதென்பதால் கூடத்தில் வந்து உட்காரத் தொடங்கினாள். குடுவையை நடுவில் வைத்துக்கொண்டு இரண்டு பேரும் அதையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். அவளுக்கு அது பிடித்திருந்தது, அவருக்குக் கவலை கூடிக்கொண்டே போயிற்று.

கவலைக்குக் காரணம் சம்பந்தி. அவனியாபுரத்தில் சுங்குடிச் சேலைக் கடை வைத்திருக்கும் ராஜகுருவின் மகனுக்கு ரம்யாஸ்ரீயைக் கொடுப்பதாகப் பேச்சு. நிச்சயதார்த்தத்துக்கு நாள் குறிக்க வெள்ளிக்கிழமை ராஜகுரு வருகிறார். மோட்டார் ரிப்பேர்காரன் குடிக்கிற அதே காபியைச் சம்பந்திக்கு நீட்டுவதா? மரியாதையில் ஒரு குறை என்று தெரிந்தால் சம்பந்தமே தட்டிப்போகும். எத்தனை கல்யாணத்தில் இதைக் கண்ணால் பார்த்திருக்கிறார்! வெள்ளி டம்ளரில் கொடுக்கலாம், ஆனால் உள்ளே இருப்பது ஒன்றுதானே.

வியாழக்கிழமை குளித்துக்கொண்டிருந்தபோது அவருக்கு யோசனை வந்தது. காபியில் வித்தியாசம் காட்ட முடியாவிட்டால் போகிறது, அமுக்குவதில் காட்டலாம். தேருக்கு ஆயிரம் பேர் வடம் பிடித்தாலும் முதலில் தொட்டுக்கொடுக்கிறவர் ஒருவர்தானே? அந்தத் தண்டை அமுக்கும் மரியாதையைச் சம்பந்திக்குக் கொடுத்துவிட வேண்டியது. அந்தச் சந்தோஷத்தில் ஈரத்தலையோடு கடைக்குப் போய், ஸ்பெஷல் தூளாக மைபோல் அரைத்து வாங்கி வந்தார். இது பில்டருக்கு அரைத்த தூள், கண்ணாடியில் இறங்காது என்று சூடாமணி சொன்னாள். சம்பந்திக்கு ரவைத்தூளா என்று கேட்டு அவள் வாயை அடைத்தார்.

வெள்ளிக்கிழமை காலை, வேண்டாத நேரத்தில் மோட்டார் நின்றுபோனதால் அழகுபாண்டியையும் வரவழைக்க வேண்டியதாயிற்று. அவன் பின்கட்டில் தட்டிக்கொண்டிருக்கும்போதே ராஜகுரு பட்டுக்கரை வேட்டியில் வந்து இறங்கினார். நலம் விசாரித்து முடிந்ததும் ஹரிநாராயணன் உள்ளே போய், தாம்பாளத்தில் வெற்றிலைபாக்கு, பூ, பழத்துக்கு நடுவே பிரெஞ்ச் பிரஸ்ஸை வைத்து எடுத்துவந்தார். குடுவைக்குச் சந்தனம் பூசி, தண்டின் குமிழில் குங்குமம் வைத்திருந்தார். "நல்ல காரியம். உங்க கையால அமுக்கிக் குடுக்கணும் சம்மந்தி" என்றார்.

ராஜகுரு ஒரு கணம் விழித்தார். பிறகு இது அந்த வீட்டுக் குலவழக்கம் போலிருக்கிறது என்று எண்ணிக்கொண்டு, தோள்துண்டை இடுப்பில் கட்டி, கிழக்கு எது என்று கேட்டுத் திரும்பி நின்று, கண்ணை மூடி அமுக்கினார். தண்டு இரண்டு விரல் இறங்கி நின்றுவிட்டது. மைத்தூள் சல்லடையை அடைத்துக்கொண்டது. மறுபடி அமுக்கினார், அசையவில்லை. மேலே இழுத்துவிட்டு அமுக்கலாம் என்று சூடாமணி சொன்னாள். நல்ல காரியத்தில் முன்வைத்ததைப் பின்வாங்குவதா என்று ஹரிநாராயணன் பதறித் தடுத்தார்.

சத்தம் கேட்டு வந்த அழகுபாண்டி, கிரீஸ் கையைத் துடைத்துக்கொண்டு, தான் ஒரு அமுக்கு அமுக்கட்டுமா என்றான். மூன்றாம் டிகாஷன் ஆளா சம்பந்தியின் மரியாதையைத் தட்டிக்கொண்டு போவது? ஹரிநாராயணன் பார்த்த பார்வையில் அவன் மோட்டாருக்கே திரும்பிவிட்டான். ராஜகுருவுக்கும் ரோஷம் வந்துவிட்டது. தாம்பாளத்தைத் தரையில் இறக்கி, இரண்டு கையையும் குமிழில் ஊன்றி, உடம்பின் மொத்தக் கனத்தையும் இறக்கினார்.

வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்த கதைதான். குடுவை நெடுக விரிசல் விட்டு உடைந்து, காபி அவர் வேட்டி முழுக்கப் பாய்ந்தது. மரியாதையெல்லாம் முடிவதற்குள் காபி நன்றாக ஆறிவிட்டிருந்ததால் வேட்டிக்குள் இருந்தவர் தப்பினார். பெண்ணின் வாழ்வு தரையில் ஓடுகிறது என்று ஹரிநாராயணன் நினைத்தார்.

ஆனால் ராஜகுருதான் கைகூப்பினார். "தப்பு நடந்துபோச்சு சம்மந்தி. உங்க வீட்டு வழக்கத்துப் பாத்திரத்த நான் ஒடச்சுப்புட்டேன். மனசுல வச்சுக்காதீங்க." அவர் குரலே உடைந்திருந்தது. தைமாதம் முடிவதற்குள் நிச்சயம் என்று அங்கேயே நாள் குறித்து, மாப்பிள்ளை வீட்டுச் செலவில் என்றும் சொல்லிவிட்டு, காபிக்கறை வேட்டியோடு புறப்பட்டார். வழக்கமும் இல்லை, மண்ணும் இல்லை என்று ஹரிநாராயணன் சொல்லவில்லை. எப்படிச் சொல்லுவார்?

சூடாமணி குனிந்து கண்ணாடித் துண்டுகளைப் பொறுக்கினாள். சம்பந்தம் நிலைத்ததில் அவளுக்கும் சந்தோஷம்தான். இருந்தாலும் இனிப் பழையபடி தூள் குளித்த தண்ணீர்தான் என்று அவளுக்குத் தெரியும்.

அவள் பயந்தபடியே ஆயிற்று. நிச்சயதார்த்தத் தட்டுகளில் நடுநாயகமாக ஒரு பித்தளை பில்டர் வந்தது. பாத்திரம் உடைத்த பாவத்துக்குப் பரிகாரமாக, கடையிலேயே பெரியதாகப் பார்த்து ராஜகுரு வாங்கியிருந்தார். சம்பந்தி வைத்த சீரை வாசப்படி ஏறாதே என்று சூடாமணியால் சொல்ல முடியுமா? இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள். ஹரிநாராயணனுக்குப் பட்டாபிஷேகம் ஆன மாதிரி இருந்தது. இனி மேல் மேல்தான், கீழ் கீழ்தான்.

மறுநாள் காலை கூடத்தில் பேப்பரை விரித்துக்கொண்டு உட்கார்ந்தார். டிகாஷன் இறங்குகிற மணம் வீடெங்கும் வந்தது. காபி வரவில்லை. பேப்பரைக் கடைசிப் பக்கம் வரை படித்தபின் சூடாமணி டம்ளரோடு வந்து, வைத்துவிட்டு, எதிர் நாற்காலியில் உட்கார்ந்தாள். அவர் டம்ளருக்குள் பார்த்தார். நிறம் பார்த்து ஆளைச் சொல்கிறவருக்கு வாயில் வைக்க வேண்டிய அவசியம் இல்லை. டம்ளர் மாறிவிட்டது என்றார்.

"மாறல" என்றாள் சூடாமணி. "மொதல் ரெண்டும் நான் குடிச்சிட்டேன்."

அவர் ஒரு வாய் குடித்தார். முகத்தைச் சுளித்து, என்ன இது, வெறும் தண்ணியாக இருக்கிறதே என்றார்.

"அப்படித்தான் இருக்கும்."

அவளுடைய குரலில் கோபமே இல்லை. கோபம் இருந்திருந்தால் அவர் சமாளித்திருப்பார். வெட்கம் பிடுங்கித் தின்ன, அவர் டம்ளரைக் கீழே வைக்காமல் மீதியையும் குடித்தார்.